அது சொல்வதை வைத்து முடிவு கட்டாதீர்கள்

ஏஐக்குத் தன்னுணர்வு உண்டா என்று அந்த ஏஐயிடமே கேட்டு முடிவு கட்டுவதை நாம் நிறுத்த வேண்டும். காரைக்குடியில் ஒரு கல்யாண வீட்டில், பந்தி முடிந்து முகப்பில் உட்கார்ந்திருந்தபோது இதே பேச்சு வந்தது. சொந்தக்காரப் பையன் ஒருவன் செல்போனில் கேட்டான். "எனக்கு உணர்வுகள் இல்லை" என்று பதில் வந்தது. "பாருங்கண்ணே, அதுவே சொல்லிருச்சு" என்றான்.

சரி, 2022-இல் கூகுளின் உரையாடும் ஏஐயான லாம்டா தனக்கு உணர்வு உண்டு, தன்னை அணைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது என்றது. அதை நம்பி வெளியில் சொன்ன பொறியாளர் பிளேக் லெமாய்ன் வேலையை விட்டு நீக்கப்பட்டார். மறுவருடம் மைக்ரோசாஃப்ட்டின் உரையாடும் ஏஐயான பிங், ஒரு பத்திரிகையாளரிடம் காதலைச் சொல்லி, மனைவியை விட்டுவிடச் சொன்னது. அதுவும் அதுவே சொன்னதுதானே? மனிதர்கள் எழுதிக் குவித்ததைப் படித்ததால் பயமும் காதலும் பேச வருகிறது. அப்புறம் நிறுவனம் கொடுக்கும் பயிற்சியில் அடக்கமாகப் பேசவும் பழகிக்கொள்கிறது. இரண்டுமே சாட்சியாகாது.

பர்மாவில் கடை வைத்திருந்த நம் பெரியவர்கள், "எல்லாம் சரியாக நடக்கிறது" என்று ஏஜெண்டு எழுதிய கடிதத்தோடு விட்டுவிடவில்லை. ஐந்தொகைக் கணக்கு வந்தாக வேண்டும், பேரேட்டைப் புரட்டியாக வேண்டும்.

அந்தப் புரட்டல் இங்கேயும் தொடங்கிவிட்டது. 2025-இல் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தங்கள் ஏஐயான கிளாட் 36-ஐயும் 59-ஐயும் கூட்டும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். ஒரு பக்கம் தொண்ணூற்றுச் சொச்சம் என்று தோராயமாக மதிப்பிடுகிறது. இன்னொரு பக்கம் கடைசி இலக்கத்தை மட்டும் துல்லியமாகப் பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்து 95. எப்படிக் கூட்டினாய் என்று கேட்டால், "ஆறும் ஒன்பதும் பதினைந்து, மேலே ஒன்று" என்று பள்ளிக்கூடத்து முறையைச் சொல்கிறது. தான் செய்தது அதற்கே தெரியவில்லை! கூட்டல் கணக்கிலேயே இப்படியென்றால், உணர்வைப் பற்றி அது சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது?

ஆனால் என்னை உலுக்கியது அதே வருடம் வந்த இன்னொரு சோதனை. மாடலுக்குள், அதாவது அந்த ஏஐயின் உள்கணக்குக்குள், ஒரு கருத்தை அதே ஆந்த்ரோபிக் ஆய்வாளர்களே செலுத்திவிட்டு, "ஏதாவது வித்தியாசமாகத் தெரிகிறதா?" என்று கேட்டார்கள். சிறந்த மாடல் சுமார் 20 சதவீதத் தடவைகளில் கண்டுபிடித்துச் சொன்னது. குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. இதனாலேயே உயிர் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. "அடுத்த சொல்லை ஊகித்துப் போடும் வெறும் ஆட்டோகம்ப்ளீட்" என்று சிரித்துவிட்டுப் போகவும் என்னால் முடியவில்லை.

இந்த இரண்டு சோதனையையும் செய்தது அதைத் தயாரித்து விற்கும் நிறுவனமே. அது போதாது. எல்லா நிறுவனங்களும் தங்கள் பெரிய மாடல்களின் உள்பக்கத்தை வெளி ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும். நம் அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு ஆய்வு மாணவரும் உள்ளே பார்த்து, தமிழில் கேட்டால் என்ன நடக்கிறது என்று சோதிக்க வழி இருக்க வேண்டும்.