அவள் பெயர் ஷானா, ‘கத்துற பாப்பா’ இல்லை

சனிக்கிழமை கூட்டத்தில், ‘ஷகுகான் நோ ஷானா’ என்ற ஜப்பானியக் கதையின் நாயகி ஷானாவைக் கிண்டல் செய்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இரண்டு நாள் பொறுத்தும் பார்த்தேன். ஆனால் அந்த மிமிக்ரி காதை விட்டுப் போகவில்லை. குரலைக் கீச்சென்று ஆக்கி, ‘உருசாய், உருசாய், உருசாய்’ (ஜப்பானிய மொழியில் ‘வாயை மூடு’) என்று மூன்று தடவை கத்திக் காட்டிவிட்டு, "இவ்வளவுதாங்க இந்தக் கேரக்டர்" என்றாரே அந்த நண்பர், அது. அரங்கமே சிரித்தது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் இன்னும் எரிச்சல்.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஷானா அப்படிக் கத்துவாள்தான். அனிமேயில், அதாவது அந்தக் கதையின் ஜப்பானியக் கார்ட்டூன் தொடரில், அவளுக்குக் குரல் கொடுத்த ரியே குகிமியாதான் வேறு அனிமேக்களில் லூயிஸ், தாய்கா என்று இன்னும் சில கோபக்காரப் பெண்களுக்கும் குரல் கொடுத்தார். எல்லாரையும் ஒரே மூட்டையில் போட்டு ‘சுந்தெரே’, அதாவது வெளியே கோபம் உள்ளே பிரியம், என்று சீட்டு ஒட்டிவிட்டால் வேலை சுலபம். அந்தச் சீட்டுதான் என் பிரச்சினை. பெயரே இல்லாமல் வந்த ஒருத்தியின் கதைக்கு நீங்கள் ஒரு வகைப்பெயர் வைத்துவிட்டு, முடிந்தது என்கிறீர்கள்.

‘ஷகுகான் நோ ஷானா’ முதலில் லைட் நாவல், அதாவது இளைஞர்களுக்கான படங்களோடு வரும் ஜப்பானிய நாவல்; அதன் முதல் பாகம் 2002இல் வந்தது. யாஷிச்சிரோ தகாஹாஷி எழுதியது. முதன்மைக் கதை 2011 வரை நீண்டது. முதல் பாகத்தில் அவள் மிசாகி நகரத்துக்கு வரும்போது அவளுக்குப் பெயர் கிடையாது. பட்டம் இருக்கிறது, ‘நெருப்புக் கூந்தலும் தகிக்கும் கண்களும் கொண்ட வேட்டைக்காரி’ என்று, மூச்சு வாங்கும் நீளத்தில். ஃப்ளேம் ஹேஸ் என்ற உத்தியோகம் இருக்கிறது. மனிதர்களின் இருப்பையே தின்னும் வேற்றுலகத்தாரை வேட்டையாடுவதுதான் வேலை. மற்ற ஃப்ளேம் ஹேஸ்களிடமிருந்து அவளைப் பிரித்துச் சொல்ல, கையில் இருக்கும் வாளை வைத்து, ‘நியெதொனோ நோ ஷானாவை வைத்திருக்கும் ஃப்ளேம் ஹேஸ்’ என்பார்கள். ஆளுக்குப் பெயர் இல்லை, கருவிக்கு இருக்கிறது. யோசித்துப் பாருங்கள்.

மற்ற ஃப்ளேம் ஹேஸ்களில் பெரும்பாலானோர் பழிவாங்க வந்தவர்கள். ஒப்பந்தம் செய்த கணத்தில் அவர்களைத் தெரிந்த எல்லோருக்கும் அவர்கள் மறந்துபோவார்கள். இவளுக்கு மறக்கடிக்கவும் ஒன்றும் இல்லை. குழந்தையிலிருந்தே அலாஸ்டர் என்ற தெய்வத்துக்குக் கலமாக வளர்க்கப்பட்டவள்.

இங்கே என் கதையைச் சொல்லியாக வேண்டும். பத்தொன்பது வயதில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடித்தேன். மெஷின் எண் 14. சூப்பர்வைசர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "பதினாலு, பீஸ் எங்க?" "பதினாலு, தண்ணி குடிக்கப் போயி எவ்ளோ நேரம்?" அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அறுபது பேர் பெயரை எங்கே ஞாபகம் வைப்பார்? எட்டு மாதம் கழித்துத் தேனிப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை செக்கிங்குக்கு வந்தாள். முதல் நாள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, "அக்கா, உங்க பேரென்ன?" என்றாள். என் வாயில் முதலில் வந்தது ‘பதி’. அப்புறம்தான் பெயர் வந்தது. அவள் கவனிக்கவில்லை, எலுமிச்சை சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆகவே, மிசாகியில் அவள் சந்திக்கும் பள்ளிக்கூடப் பையன் சகாய் யூஜி அவளிடம் பெயர் கேட்கும் இடம் வந்தபோது நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பெயரெல்லாம் கிடையாது என்கிறாள், கொஞ்சமும் வருத்தமில்லாமல். அவன் அந்த வாளின் பெயரிலிருந்து ஒரு துண்டை எடுத்து, ஷானா என்று கூப்பிடுகிறான். அவளோ, எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள் என்கிற தோரணையில் இருக்கிறாள். அவ்வளவுதான் காட்சி.

"ஒரு பையன் பெயர் வைத்தால்தான் பெண்ணுக்கு அடையாளமா?" என்று கிளம்புவீர்கள், தெரியும். அந்த நேரத்தில் அந்தப் பையன் யார்? நிஜ யூஜி ஏற்கனவே செத்துவிட்டான், நீ அவனுடைய மிச்சம், ஒரு பொருள் என்று அவளே அவனிடம் சொல்லியிருக்கிறாள். மனிதனே இல்லை என்று அறிந்த ஒன்று, பெயரே இல்லாத ஒருத்திக்குப் பெயர் வைக்கிறது. இதில் ஆணாதிக்கத்தைத் தேடினால் தேடிக்கொள்ளுங்கள். எனக்குப் பெயர் வைத்தது தாத்தா, நட்சத்திர எழுத்துப் பார்த்து. என்னையும் யாரும் கேட்கவில்லை.

"வாளின் பெயர்தானே, கடைசியில் ஆயுதமாகவே ஆக்கிவிட்டானே" என்பது நியாயமான கேள்வி. எனக்கும் உறுத்தியது. ஆனால் ‘வைத்திருக்கும்’ என்ற சொல் உதிர்ந்துவிட்டது பாருங்கள். எனக்கு அது போதும்.

"நம்மூரில் இல்லாத கதையா, ஜப்பான் கார்ட்டூனுக்குப் போய்..." இதற்குப் பதில் சொல்லப் போவதில்லை. சொல்லிவிடுகிறேன். நம்மூர்க் கதைகளில் என்னைப் பதினாலாகப் பார்த்த கதை என் கைக்கு வரவில்லை. இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள், காலில் விழுந்து வாங்கிக்கொள்கிறேன். அதுவரை மெலன்பான் தின்னும் பெண்ணோடு இருந்துவிட்டுப் போகிறேன். அந்த ரொட்டியையும் சனிக்கிழமை கிண்டல் செய்தீர்கள். மொறுமொறு மேலோட்டையும் மெத்தென்ற உட்புறத்தையும் மாற்றி மாற்றிக் கடித்துத் தின்பாள். உலகத்தில் அவள் தனக்கென்று பிடித்துச் செய்த முதல் காரியம் அதுதான் என்று தோன்றும் எனக்கு.

சரி, கோபத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். அந்த நண்பரும் சொல்லவில்லை, இத்தனை நாள் ஷானா ஷானா என்று உருகிய நானும் சொன்னதில்லை. ஹிராய் யுகாரி. யூஜியின் வகுப்புத் தோழி. வேற்றுலகத்தாரால் தின்னப்பட்டு, டார்ச்சாக (தின்னப்பட்டவரின் மிச்சமாக) கொஞ்ச காலம் எரிந்து, அணைந்து போனவள். ஷானா அவள் இடத்தில்தான் வந்து உட்காருகிறாள், அவள் பெயரிலேயே. சுற்றியிருக்கும் சாதாரண ஆட்களுக்கு வித்தியாசம் தெரியாது. யூஜிக்கு மட்டும் பழைய யுகாரி ஞாபகம் இருக்கிறாள். ஒருத்திக்குப் பெயர் கிடைத்த அதே பாகத்தில் இன்னொருத்தியின் பெயர் வேறு ஆளின் மேல் ஒட்டப்படுகிறது.

நான் சேர்ந்த அன்று பதினாலாம் மெஷினின் தலையில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. மெரூன் நிறம், சின்னது. எனக்கு முன்னால் அங்கே உட்கார்ந்தவள் ஒட்டியிருப்பாள். நகத்தால் சுரண்டிப் போட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தேன். அவள் பெயரை யாரிடமும் கேட்கவில்லை.