101 என்று ஒரு நம்பர்

என் மகனுக்கு ஒன்பது வயது, ஏடிஹெச்டி, அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத, துறுதுறுப்பு அடங்காத பிரச்சினை இருக்கிறது. போன மாதம் ஐக்யூ டெஸ்ட் எடுத்தோம். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 101. வகுப்பு ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு, "மூளை நல்லாத்தானே இருக்கு, அப்போ வேணும்னேதான் பண்றான்" என்றார். அன்றைக்கு வாயடைத்துத் திரும்பி வந்தேன், இன்றைக்கு எழுதுகிறேன்.

பக்கத்தைப் புரட்டினால் வேறு கதை. எடுத்தது குழந்தைகளுக்கான வெக்ஸ்லர் ஐக்யூ டெஸ்ட், 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. சராசரி 100, ஐந்து பிரிவுகளுக்குத் தனித்தனி மதிப்பெண். சொற்களைப் புரிந்துகொள்வதில் இவன் 116. கேட்டதை மனதில் பிடித்துவைத்து வேலை செய்வதில் 82, வேகத்தில் 77. இதையெல்லாம் கலக்கித்தான் அந்த 101. சாம்பாரில் உப்பை அள்ளிக் கொட்டி, ரசத்தில் போடவே மறந்துவிட்டு, மொத்தத்தில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொன்னால் யாராவது சாப்பிடுவார்களா?

வேகத்துக்கான ஒரு பகுதியில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குறி இருக்கும், இரண்டு நிமிடத்துக்குள் கட்டம் கட்டமாக அதை நிரப்பிக்கொண்டே போக வேண்டும். மனதில் பிடித்துவைப்பதற்கான பகுதி ஒன்றில் எண்களை வரிசையாகச் சொல்வார்கள், அதைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்ல வேண்டும், நடுவில் ஃபேன் சத்தம் காதில் விழுந்து ஒரு நொடி மனம் அங்கே போனால் எண் போச்சு. ஏடிஹெச்டி குழந்தைகள் பலருக்கு இந்த இரண்டும்தான் இறங்கும். இதனால்தான் இவற்றை விட்டுவிட்டுக் கணக்கிடும் 'பொதுத் திறன் குறியீடு' என்று ஒன்றும் இருக்கிறது. எங்கள் ரிப்போர்ட்டில் அது இல்லை, கேட்ட பிறகுதான் போட்டுத் தந்தார்கள். நீங்களும் கேளுங்கள்.

ஆனால் இப்படி விட்டுவிட்டுக் கணக்கிட்டுக் கிடைக்கும் பெரிய நம்பரைப் பார்த்துக் குளிர்ந்துபோய் 77-ஐ மறந்துவிடவும் கூடாது. போர்டில் இருப்பதை எழுதி முடிப்பதற்குள் அழித்துவிடுகிறார்களே, அவன் தினமும் தோற்பது அங்கேதான். அப்புறம், ஏடிஹெச்டி இருக்கிறதா இல்லையா என்று ஐக்யூ நம்பரை வைத்து முடிவு செய்வதில்லை. வீட்டிலும் பள்ளியிலும் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று விசாரித்துத்தான் சொல்வார்கள். 1905-இல் பாரிஸில் பினே, சிமோன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த மாதிரி டெஸ்டை உருவாக்கியதே பள்ளியில் யாருக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிக்கத்தான். நமக்கோ அது உதவி வேண்டாம் என்று சொல்ல ஒரு சாக்கு.

திங்கட்கிழமை மறுபடி ஆசிரியையைப் பார்க்கப் போகிறேன். முதல் பக்கத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, 77 இருக்கும் பக்கத்தை மட்டும் கொண்டுபோவேன். கேட்கப்போவது ஒன்றே ஒன்று: அழிப்பதற்கு முன்னால் போர்டை ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்ப முடியுமா?