ஒரே இரவில் குளிர்ந்ததற்கு ஆள் தேட வேண்டாம்

‘2024 பிப்ரவரி 27 அன்று சிகாகோவில் 23 டிகிரி வெயில், மறுநாள் காலை உறையும் குளிர். யாரோ செயற்கையாகச் செய்யாமல் இது நடக்குமா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எண்கள் சரி, முடிவு தவறு. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஏறிவந்த ஈரமான வெப்பக்காற்றுக்கு அடியில், வடக்கிலிருந்து இறங்கிய கனத்த குளிர்காற்று ஆப்புபோலப் புகுந்து அதை மேலே தள்ளியது. அன்று மாலை இடி, ஆலங்கட்டி, புறநகரில் டொர்னேடோ என்னும் சுழல்காற்று எல்லாம் வந்தது அதனால்தான். அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளியில் வாடைக்காற்றைத் தடுக்க மலை கிடையாது.

அதே சமவெளியில் உள்ள ஓக்லஹோமா சிட்டியில் 1911 நவம்பர் 11 பிற்பகலில் 28 டிகிரி; நள்ளிரவுக்குள் மைனஸ் 8. விமானமே தவழ்ந்துகொண்டிருந்த காலம் அது. அப்போது வானிலையை மாற்ற மேகத்தில் மருந்து தூவியது யாராம்? பிப்ரவரியில் 23 டிகிரி இயல்பா என்று கேட்டிருந்தால், அது நியாயமான கேள்வி.