பனி உண்டோ?

போன ஜனவரி. மூணாறு பக்கம் எங்க லயத்துக்கு, அதாவது தமிழ்க்காரர்கள் இருக்கும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளரான ஆஷா ரெஜிஸ்டரோடு வந்தார். பக்கத்து வீட்டில் ஆச்சி மட்டும்தான். சங்கரன்கோவிலிலிருந்து மகள் வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம் ஆகியிருந்தது. மகள் கொழுந்துக்குப் போயிருந்தாள். "பனி உண்டோ அம்மச்சி?" ஆச்சி வாசல் புல்லில் வெள்ளையாகக் கிடந்ததைக் காட்டி, "கெடக்கே தாயி, எலும்புக்குள்ள குத்துது" என்றாள். ரெஜிஸ்டரில் காய்ச்சல் ஏறியது. பேரன் முந்தின நாளிலிருந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். "சர்தி உண்டோ?" என்று கேட்டதற்கு ஆச்சி புரியாமல் தலையை ஆட்டிவிட்டாள். அது ஏறவில்லை. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல், சர்தி என்றால் வாந்தி.

சாயங்காலம் லயமே சிரித்தது. எனக்கு மட்டும் அந்த ரெஜிஸ்டர் மேலே போய் என்ன ஆகும் என்ற நினைப்பு.

கேரளத்தில் காய்ச்சல் கணக்கு மாவட்டவாரியாகத் தினமும் வெளிவருகிறது. எங்க மாவட்டமான இடுக்கி என்ற ஒற்றை எண்ணுக்குள் தொடுபுழை டவுன்காரரும் கிடக்கிறார், ஒரு ரூம் ஒரு அடுப்படி லயத்தில் ஆறு பேராகப் படுக்கும் நாங்களும் கிடக்கிறோம். 2020 கணக்குப்படி கேரளத்தில் ஆயிரம் பிறப்புக்கு 6 சிசு மரணம், இந்தியாவுக்கு 28. எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த 6 எங்க லயத்தில் எத்தனை என்று கேட்டால் எதைப் புரட்டிச் சொல்வார்கள்?

2013-இல் அட்டப்பாடியில் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது மாநிலமே திரும்பிப் பார்த்தது. இறந்தவை இருளர், முடுகர், குறும்பர் என்ற பழங்குடி வீட்டுக் குழந்தைகள் என்று தனியாகத் தெரிந்ததால்தான் அரசு பதில் சொல்ல வேண்டி வந்தது. பாலக்காடு மாவட்டச் சராசரிக்குள் கரைந்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

அமெரிக்காவிலும் இதே கதை. 2020 ஏப்ரலில் சிகாகோவில் கொரோனா மரணங்களை இனவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஊரில் சுமார் 30 சதவீதம் இருந்த கறுப்பினத்தவர், செத்தவர்களில் சுமார் 70 சதவீதம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் அப்படித்தான். அது 92-லிருந்து 96 வரை காட்டும்போது நிஜத்தில் ஆக்சிஜன் ஆபத்தாகக் குறைந்திருந்தது வெள்ளையரில் 3.6 சதவீதம் பேருக்கு, கறுப்பரில் 11.7 சதவீதம் பேருக்கு. அந்த வருஷ டிசம்பரில் வந்த ஆய்வு. கொழுந்து கிள்ளிக் கறுத்த அம்மா விரலில் அதே கிளிப்பை மாட்டி 95 என்றபோது நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம். எதுவும் ஆகவில்லை, நல்லவேளை.

"சரி, எஸ்.சி. என்று ஒரு கட்டம் போட்டால் போச்சு" என்பார்கள். அங்கேதான் சிக்கலே. 1950-க்கு முன்பே குடும்பம் இங்கே வந்ததற்கு ஆதாரம் காட்டினால்தான் கேரளத்தில் எங்களுக்குச் சாதிச் சான்றிதழ். தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணி கூட்டிவந்த தாத்தாவுக்கு யார் காகிதம் கொடுத்தார்? மூணு தலைமுறையாக இங்கே குனிந்தவர்கள் கணக்கில் 'மற்றவர்' ஆகிவிடுகிறார்கள்.

பிரித்து எண்ணினால் பழி வரும் என்ற பயமும் எனக்கு உண்டு. 2020-இல் சித்தப்பா ஒரு சாவுக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் போடிக்குப் போய்விட்டு, பாஸ் வாங்கி போடிமெட்டு வழியாகத் திரும்பினார். பதினாலு நாளும் கதவைச் சாத்திக் கிடந்தார். அப்புறமும் டீக்கடையில் அவருக்கு மட்டும் பேப்பர் கப். "தமிழன் கொண்டு வந்துட்டான்" என்று காதுபடவே பேச்சு. ஆக, நாங்கள் யார் என்று யாருக்கும் தெரியாமல் இல்லை. பழி போட அந்த அடையாளம் உதவுகிறது, நோயை எண்ணும்போது மட்டும் காணாமல் போகிறது.

நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. முகவரியில் லயமா வீடா என்று ஒரு கட்டம், கேள்விகள் தமிழிலும். 1969 ஆட்சிமொழிச் சட்டமே சிறுபான்மைப் பகுதிகளில் தமிழில் அரசுக்கு எழுதலாம் என்கிறது. நாங்கள் எழுதலாம், சரி. அவர்கள் எங்களைக் கேட்பதும் தமிழில் இருக்கட்டுமே.

இப்போது வருகிற ஆஷா எங்க லயத்துப் பெண்தான். "ஆச்சி, மேலு காயுதா? வாந்தி இருக்கா?" என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறாள். போன வாரம் எட்டிப் பார்த்தேன். ரெஜிஸ்டரில் எங்களுக்கும் ரோட்டோர பங்களாவுக்கும் ஒரே வார்டு நம்பர்.