கிடாரின் இடத்தில் பியானோ

அமெரிக்க ராக் இசைக்குழுவான ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் 1976இல் வெளியிட்ட ‘வைப் தி விண்டோஸ், செக் தி ஆயில், டாலர் கேஸ்’ லைவ் தொகுப்பை, அவர்களுடைய 1971 ‘ஃபில்மோர் ஈஸ்ட்’ லைவ் ஆல்பத்தோடு ஒப்பிட்டு உங்கள் விமர்சனத்தில் குறைசொல்லியிருக்கிறீர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. குழுவின் கிடார் கலைஞர் டுவேன் ஆல்மன் 1971 அக்டோபரிலும் பேஸ் கிடார் கலைஞர் பெர்ரி ஓக்லி மறுவருடம் நவம்பரிலும், இருவருமே அமெரிக்காவின் மேக்கன் நகரில், பைக் விபத்தில் போய்விட்டார்கள். அந்த இடியைத் தாங்கிக்கொண்டு 1972 முதல் 1975 வரை மேடையேறியவர்களின் வாசிப்பு இது. டுவேன் இடத்துக்கு இன்னொரு கிடார்காரரைத் தேடாமல் சக் லீவெல் என்பவரின் பியானோவைக் கொண்டுவந்தார்களே, எவ்வளவு பெரிய மனசு! இந்தத் தொகுப்பில் உள்ள ‘ஜெசிகா’ இசைத்துண்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். கிடார் ஒதுங்கி வழிவிட, பியானோ துள்ளிக்கொண்டு மேலே ஏறும். அடியில் இரண்டு டிரம்ஸும் விடாமல் உருண்டுகொண்டே இருக்கும். ஒருமுறை அந்த இடத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுதுங்கள் சார்.