68 சதவீதம் ‘நடுத்தரம்’

கல்வியியல் பிஎச்.டி. ஆய்வேடு ஏதாவது ஒன்றை எடுத்து ‘கண்டறிந்தவை’ பக்கத்தைப் புரட்டுங்கள். முதல் வரி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “ஆசிரியர்களின் பணி நிறைவு நடுத்தர அளவில் உள்ளது.” பணி நிறைவை எடுத்துவிட்டு மனவெழுச்சி நுண்ணறிவு, படிப்புப் பழக்கம், கணினி மீதான மனப்பான்மை என்று எதைப் போட்டாலும் அதே நடுத்தரம்தான். சதவீதமும் 66, 68, 70 என்று அந்தப் பக்கமே சுற்றும்.

காரணம் எளிது. சராசரிக்கு ஒரு திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) கீழே போனால் ‘குறைவு’, ஒரு விலக்கம் மேலே போனால் ‘உயர்வு’, மிச்சமெல்லாம் ‘நடுத்தரம்’ என்று பிரிக்கிறார்கள். சராசரி 142, விலக்கம் 18 என்றால் வெட்டுக்கோடுகள் 124, 160. மதிப்பெண்கள் மணி வடிவத்தில் பரவியிருந்தால் இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் 68 சதவீதம் பேர் விழுந்தே தீருவார்கள். அது பரவலின் குணம், ஆசிரியர்களின் குணம் அல்ல. நாளைக்கே எல்லோருக்கும் 20 மதிப்பெண் கூடினாலும் சராசரி 162 ஆகும், கோடுகள் 144க்கும் 180க்கும் நகரும், நடுத்தரக்காரர்கள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். உண்மையான அளவைச் சொல்ல வேண்டுமா? ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் தரும், 40 கூற்றுகள் கொண்ட ஐந்து புள்ளி டூல் (வினாப்படிவம்) என்றால் 142ஐ 40ஆல் வகுங்கள். 3.55. அதாவது ‘முடிவு செய்ய இயலவில்லை’க்கும் ‘உடன்படுகிறேன்’ என்பதற்கும் இடையில். இதில் ஏதோ செய்தி இருக்கிறது.

என் கருத்து இதுதான்: நம் ஆய்வாளர்கள் புள்ளியியலைத் தவறான நேரத்தில் கற்கிறார்கள். யுஜிசியின் 2022 விதிமுறை பிஎச்.டி. மாணவர் படித்துத் தேற வேண்டிய பாடங்களான கோர்ஸ் ஒர்க்குக்குக் குறைந்தது 12 கிரெடிட் கேட்கிறது. அதை எழுதித் தேறிவிட்டு மறந்துவிடுகிறோம். 600 படிவம் நிரப்பி வாங்கிய பிறகுதான் “இதற்கு எந்த டெஸ்ட் போடலாம்?” என்று எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் தெரிந்தவரைத் தேடுகிறோம். அதற்குள் தவறுகளில் முக்கால்வாசி படிவத்தோடு சேர்ந்து உறைந்துவிடுகிறது.

மாதிரி அளவை, அதாவது எத்தனை பேரிடம் தகவல் வாங்குவது என்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். கிரெஜ்சி, மார்கன் இருவரும் 1970இல் வெளியிட்ட அட்டவணையைப் பார்த்து 384 என்று எழுதிவிடுவது வழக்கம். அந்த அட்டவணை ஒரு விகிதத்தை (நூற்றுக்கு எத்தனை பேர் என்பதை) 5 சதவீதப் பிழைக்குள் மதிப்பிட உருவானது. எளிய சமவாய்ப்பு முறையில் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தேர்வானவர்கள் என்பது அதன் அடிப்படை. நாம் செய்வதோ இரண்டு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடுவது, அதையும் பள்ளி பள்ளியாகப் போய், வகுப்பு வகுப்பாக. அட்டவணை இந்த வேலைக்கானதே அல்ல.

வகுப்பாக எடுத்தால் என்ன ஆகும்? 24 பள்ளிகள், பள்ளிக்கு 25 மாணவர்கள், ஆக 600 பேர் என்று வையுங்கள். 12 அரசுப் பள்ளி, 12 உதவி பெறும் பள்ளி. சராசரிகள் 52, 55. விலக்கம் 18. இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டீ டெஸ்டில் டீ மதிப்பு 2.04 வருகிறது, பீ (வேறுபாடே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே, ‘சிக்னிஃபிகன்ட்’ என்று எழுதிவிடலாம். ஆனால் ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள். ஆசிரியர் ஒன்று, ஊர் ஒன்று. இந்த ஒற்றுமையை 0 முதல் 1 வரை அளக்கும் உட்குழு ஒட்டுறவு, பாட அடைவுத் தேர்வுகளில் 0.2 வருவது அதிசயம் இல்லை. பள்ளிக்கு 25 பேரில் ஒன்றைக் கழித்து, அந்த 24ஐ 0.2ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள்: 5.8. 600ஐ 5.8ஆல் வகுத்தால் 103. கையில் இருக்கும் தகவலின் எடை 103 தனி மாணவர்களுக்குச் சமம், அவ்வளவுதான். 5.8இன் வர்க்கமூலம் 2.41. 2.04ஐ அதனால் வகுத்தால் 0.85, சிக்னிஃபிகன்ட் ஆகத் தேவையான சுமார் 2க்கு வெகு கீழே. வித்தியாசம் காணாமல் போய்விட்டது. பள்ளிக்கு 10 பேராக 60 பள்ளிக்குப் போயிருந்தால் அதே 600க்கு எடை 214 ஆகியிருக்கும். அலைச்சல் அதிகம்தான். ஆனால் இதைக் களத்துக்குப் போகுமுன் முடிவு செய்ய வேண்டும், எந்த மென்பொருளும் பிறகு சரிசெய்து தராது.

ஒருவேளை அந்த 3 மதிப்பெண் வித்தியாசம் நிஜமாகவே இருந்தாலும், 3ஐ 18ஆல் வகுத்தால் 0.17, ஒரு விலக்கத்தில் ஆறில் ஒரு பங்குதான். இந்தப் பக்கம் ஒரு மாணவர், அந்தப் பக்கம் ஒரு மாணவர் என்று கண்ணை மூடிக்கொண்டு 100 ஜோடி எடுத்தால், சுமார் 55 ஜோடியில்தான் உதவி பெறும் பள்ளி மாணவர் முந்துவார். இதை வைத்துக்கொண்டு அரசுக்குப் பரிந்துரை எழுதுகிறோம்.

அடுத்த வழக்கம், பாலினம், வசிப்பிடம், பயிற்றுமொழி, பெற்றோர் கல்வி என்று 10 பின்னணி மாறிகள், டூலில் 5 பரிமாணங்கள், ஆக 50 டெஸ்ட். ஒவ்வொரு டெஸ்டிலும் தற்செயலாக ஏமாற 5 சதவீத வாய்ப்பு இருப்பதால், உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று ‘சிக்னிஃபிகன்ட்’ வந்துவிடும். அவை ஒன்றையொன்று சாராதவை என்றால், ஒன்றாவது வரும் வாய்ப்பு 92 சதவீதம். வந்த இரண்டு மூன்றுக்கும் ‘விவாதம்’ பகுதியில் சமூகக் காரணம் கண்டுபிடிப்பதில் நம் ஆட்கள் மன்னர்கள்.

டூல் விஷயத்தில் க்ரோன்பாக் ஆல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற நம்பகத்தன்மை எண்) 0.91 என்று பெருமையாகப் போடுகிறோம். கூற்றுகளுக்கு இடையிலான ஒட்டுறவின் சராசரி வெறும் 0.2 இருந்தாலும் 40 கூற்று வைத்தால் 0.91 வந்துவிடும். அதையே 10 கூற்றாகக் குறைத்தால் 0.71. நீளம் தரும் எண் அது, ஒரே பண்பைத்தான் அளக்கிறோம் என்பதற்குச் சான்று ஆகாது. மாறாக ஆல்ஃபா திடீரென்று 0.3க்கு இறங்கினால் பதறாதீர்கள். முதலில் எதிர்மறைக் கூற்றுகளைத் திருப்பிக் குறியிட்டீர்களா என்று பாருங்கள். 5 புள்ளி அளவுகோலில் 55 என்று தட்டச்சாகியிருக்கிறதா என்பதையும், விடுபட்டதற்கு வைத்த 99 கணக்கில் சேர்ந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். ஒவ்வொரு படிவத்திலும் வரிசை எண் இருந்தால்தான் இதையெல்லாம் தேடிப் பிடிக்க முடியும்.

சோதனை முறை ஆய்வில் ஒரு பொறி உண்டு. சோதனைக் குழுவில் முன்தேர்வு, பின்தேர்வு டீ டெஸ்ட் சிக்னிஃபிகன்ட், கட்டுப்பாட்டுக் குழுவில் இல்லை, ஆகவே முறை வென்றது என்று எழுதுவது. இது இரண்டு குழுக்களை ஒப்பிடவே இல்லை. முன்தேர்வை உடன்மாறியாக வைத்து அன்கோவா செய்ய வேண்டும், அதாவது முன்தேர்வு வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு இரு குழுக்களின் பின்தேர்வையும் நேரடியாக ஒப்பிட வேண்டும். அதுவும் ‘ஏ’ பிரிவு, ‘பி’ பிரிவு என்று ஒவ்வொரு வகுப்பு மட்டும் இருந்தால், வென்றது முறையா, ‘ஏ’ பிரிவின் ஆசிரியரா என்று எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. 35க்குக் கீழ் எடுத்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் குறைதீர் கற்பித்தல் நடத்தினால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த தேர்வில் அவர்கள் சராசரி கொஞ்சம் ஏறும். அன்று உடம்பு சரியில்லாததால் 30 வாங்கியவரும் அந்தக் குழுவில் இருக்கிறாரே.

கற்க என்ன வழி? பத்து மதிப்பெண்களை வைத்துத் திட்ட விலக்கமும் டீயும் ஒரு தடவை கையால் போடுங்கள், ஒரு மாலை வேலை. பிறகு ஜமோவி அல்லது ஜாஸ்ப் என்ற புள்ளியியல் மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம், கள்ளப் பிரதி எஸ்பிஎஸ்எஸ் தேவையில்லை. சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதும்போதே ஆய்வேட்டில் வரப்போகும் எல்லா அட்டவணையையும் எண் இல்லாமல் வெற்றாக வரைந்து கைடிடம் காட்டுங்கள். எந்தக் கருதுகோளுக்கு எந்த அட்டவணை என்று சொல்ல முடியாவிட்டால் அந்தக் கருதுகோள் வேண்டாம்.

கூடவே இதையும் செய்யுங்கள். எக்செலில் 600 வரிசை, 40 பத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் 1 முதல் 5 வரை ஏதோ ஓர் எண் தானாக வரும்படி ராண்ட்பிட்வீன் சூத்திரத்தைப் போட்டு, மதிப்புகளாக ஒட்டிக்கொள்ளுங்கள். பாலினம், வசிப்பிடத்தையும் அப்படியே நிரப்புங்கள். எந்த ஆசிரியரும் தொடாத இந்த எண்களை வைத்து உங்கள் நான்காம் அத்தியாயம் முழுவதையும் ஓட்டுங்கள். ஆல்ஃபா பூஜ்யத்தை ஒட்டி வரும். டீ டெஸ்டில் ஓரிரண்டு சிக்னிஃபிகன்ட் வந்திருக்கலாம். பணி நிறைவு ‘நடுத்தரம்’ எத்தனை சதவீதம் என்று எண்ணிப் பார்த்துக் கமெண்டில் போடுங்கள்.