கிரவுனில் நாலு படம் எடுத்துவிட்டு ஓடாதீர்கள்

வட அயர்லாந்தின் தலைநகர் பெல்ஃபாஸ்ட் போகிறவர்கள் கிரேட் விக்டோரியா தெருவில் இருக்கும் 'கிரவுன் லிக்கர் சலூன்' என்ற பழைய பப்புக்குள் நுழைகிறார்கள், நாலு படம் எடுக்கிறார்கள், பத்தே நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அந்த பப்பை உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். அங்குள்ள அலங்காரத்தில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வேலைக்காக வைத்தது.

பார் கவுண்டருக்கு எதிரே ஏ முதல் ஜே வரை எழுத்திட்ட 10 மரத்தடுப்பு அறைகள். 'ஸ்நக்' என்பார்கள். தான் குடிப்பது ஊருக்குத் தெரியக் கூடாது என்று நினைத்த விக்டோரியா காலத்து ஆட்களுக்காகச் செய்தவை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் யார் கண்ணிலும் பட மாட்டீர்கள். சுவரில் சின்ன உலோகத் தகடு ஒன்று இருக்கும், தீக்குச்சி உரசுவதற்கு. பார்க்காரரைக் கூப்பிட மணியும் உண்டு. வெளிச்சம் வர வேண்டும், தெருவில் போகிறவர் எட்டிப் பார்க்கக் கூடாது. அதற்குத்தான் வண்ணம் தீட்டிய சன்னல் கண்ணாடி. டைல்ஸ் கூட அப்படித்தான். புகைக்கறை, சிந்திய பீர் எல்லாம் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

இது தப்பிப் பிழைத்ததே பெரிய விஷயம். நேர் எதிரே யூரோப்பா ஹோட்டல். வட அயர்லாந்து பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேருவதா என்று மோதிக்கொண்ட கலவர ஆண்டுகளில் அங்கே 30 முறைக்கு மேல் குண்டு வைத்தார்கள், அதிர்ச்சியில் இந்தப் பக்கக் கண்ணாடிகளும் நொறுங்கின. 1978-இல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு இதை வாங்கிப் பழையபடி செப்பனிட்டது.

சனிக்கிழமை இரவு மட்டும் போகாதீர்கள். கூட்டத்தில் முதுகுகள்தான் தெரியும், ஸ்நக் கிடைக்காது. வாரநாளில், கடை திறந்த கையோடு போங்கள். ஒருவர் ஸ்நக்கில் இடம் பிடிக்கட்டும், இன்னொருவர் கவுண்டரில் வாங்கி வரட்டும். இரண்டு பேராகப் போய்ப் பெரிய ஸ்நக்கைப் பிடித்திருந்தால், கேட்பவர்களுக்கு இடம் கொடுங்கள். டப்ளினிலிருந்து ரயிலில் வருகிறவர்களே, இங்கே யூரோ இல்லை, பவுண்டு. மது வேண்டாமென்றால் எலுமிச்சை சோடா வாங்குங்கள், ஆனால் எதுவும் வாங்காமல் படம் மட்டும் எடுக்காதீர்கள். ஃபிளாஷ் போட்டால் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பிப் படம் வெளுத்துவிடும்.

கின்னஸ் என்ற கறுப்பு பீர் கேட்டால் முக்கால் கிளாஸ் ஊற்றி ஓரமாக வைப்பார்கள். மறந்துவிட்டார் என்று கையை நீட்டாதீர்கள். நுரை மேலேறிக் கறுப்பு தெளிய இரண்டு நிமிடம் ஆகும், அப்புறம்தான் நிரப்பித் தருவார்கள். அந்த இரண்டு நிமிடமும் அண்ணாந்து கூரையைப் பாருங்கள்.